சுடுதண்ணிக் குளம்

எங்கள் நகரத்துக்கு ஒரு சதம் கடன் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் மேயர் தேர்தலுக்குத் தேர்தல் வென்றுகொண்டிருந்தார். கடன் இல்லாவிட்டால் செழிப்பான இடமாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டினி கிடக்கிற வீட்டுக்கும் கடன் வராது.

அந்த நாளில் ரொறன்ரோ ஒரே நகரமாக இருக்கவில்லை. ஒட்டி ஒட்டி ஐந்தாறு நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி வரி, பனி வழிக்கத் தனி லொறி. எங்களுடையது அதில் ஒரு சின்ன நகரம். எங்கள் மாடிக் கட்டடத்துக்கு முன்னால் ஓடிய தெருதான் எல்லை. இரவு பனி கொட்டினால் தெருவுக்கு அந்தப் பக்கத்து நடைபாதையை விடிய முதலே வழித்து உப்புத் தூவிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் சப்பாத்துக்குள் பனி போக, மேயரையும் அவர் பரம்பரையையும் திட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்போம். மேயருக்குத் தமிழ் தெரியாதது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மிசிசாகாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டன. வரி கட்ட மிஞ்சியது வயதுபோன வெள்ளைக்காரரின் சின்ன வீடுகளும், நாங்கள் வந்து குவிந்திருந்த மாடிக் கட்டடங்களும்தான். ஆனாலும் அந்த ஏழை நகரத்தில் ஒரு நல்ல காரியம் இருந்தது. பொழுதுபோக்கு நிலையத்தின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரு சின்னக் குளம். பழைய உலக யுத்தத்தில் கை கால் அடிபட்டு வந்த படைவீரருக்காகக் கட்டியதாம். கூரையில் ஆவி பிடித்துச் சொட்டும், சுவரில் ஓடு கழன்றிருக்கும். தண்ணீர் மட்டும் குழந்தைக்கு வார்க்கிற பதத்தில் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். காலையில் அது கை கால் வழங்காதவர்களுக்கு மட்டும். காசும் வாங்குவதில்லை. எங்கள் ஆட்கள் அதைச் சுடுதண்ணிக் குளம் என்பார்கள்.

நான் அங்கே போனது சிந்துஜாவோடு. எனக்கு எதிர்க் கதவு சண்முகலிங்கத்தின் வீடு. அவன் மனைவி சுகிர்தமலர், நாங்கள் மலர் என்போம். மூத்தவள் நிரூபா கல்லூரியில் படித்தாள். இளையவள்தான் சிந்துஜா. ஊரில் ஷெல்லடி நடந்த நேரம், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் வீட்டில் பிறந்த பிள்ளை. பிறந்ததும் மூச்சுவிடவில்லை, அழவில்லை. பிறகு மூச்சு வந்தது, கால்கள் வரவில்லை. இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக் கிடக்கும். மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டிலேயே நல்ல ஆங்கிலம் பேசுகிறவள் அவள்தான், வாயும் சும்மா கிடக்காது.

நான் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற மனிசி. விடியப்புறம் எழும்பி மா குழைத்துப் பிழிந்து, தட்டுத் தட்டாக ஆவியில் இறக்கி, கடைக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போக என் வேலை முடிந்துவிடும். சண்முகலிங்கம் காலையில் ஒரு ரெஸ்ரோறன்ரிலும் பின்னேரம் இன்னொன்றிலும் கோப்பை கழுவினான். அதனால் பனிக்குள் வீல்செயரைத் தள்ள மலருக்குத் துணை நான்தான். அவள் பின்னால் தள்ளுவாள், நான் முன்னால் குனிந்து சில்லில் அடைகிற பனியைக் கையால் தோண்டுவேன். "அன்ரி, ஸ்லோவா இருக்கிறியள், இடியப்பம் கூடச் சாப்பிட்டிட்டியள்" என்று மேலே இருந்து ராணி மாதிரிக் கட்டளை வரும்.

தண்ணீருக்குள் இறங்கியதும் பிள்ளை வேறு ஆள். மலர் நூல் சட்டையோடு இறங்கி அவளைக் கழுத்துக்குக் கீழே தாங்கிக்கொள்வாள். அங்கே வேலை செய்த பவுலீன், ஜமேக்காக்காரி, நல்ல உயரமான பெண், பிள்ளையின் கால்களைப் பிடித்து மெல்ல மெல்ல உருட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அந்த இறுக்கம் இளகும். கால் பிரியும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மெய்யாகவே நிற்பாள். "அம்மா, நான் உங்களிலும் உயரம்!" என்று கத்துவாள். மலர் அந்த நேரம் முகத்தில் தண்ணீர் அள்ளி அடித்துக்கொள்வாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

டொக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். தண்ணீர்ப் பயிற்சி விடாமல் நடந்தால் வளர வளரத் தடியூன்றி நடப்பாள். விட்டால் நரம்பு சுருங்கிக் கால் பூட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தொண்ணூற்றாறு பிறந்த குளிரில் மாகாண அரசு நகரங்களுக்குக் கொடுக்கிற காசை வெட்டியது. எங்கள் மேயர் வரியைக் கூட்டமாட்டேன் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். எதையாவது மூடவேண்டும். ஒரு காலை பவுலீன் கண் சிவந்து நின்றாள். அவள் சொல்லச் சொல்ல சிந்துஜா தண்ணீருக்குள் கிடந்தபடியே எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

"அம்மா, குளத்தை மூடப் போகினமாம். தண்ணி சூடாக்கச் சரியான செலவாம். சிற்றி ஹோலிலை மீற்றிங் இருக்காம், நாங்கள் போய்க் கதைக்கலாமாம். பாதிப்பேர் மூட வேணும் எண்டினமாம், பாதிப்பேர் வேண்டாம் எண்டினமாம். ஒரு கவுன்சிலர் மட்டும் இன்னும் முடிவெடுக்கேல்லையாம். என்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். அவையள் என்னைப் பாத்தால்தான் விளங்குமாம்." பிறகு தன் பங்குக்குச் சொன்னாள்: "நான் கதைக்கிறன் அம்மா. எனக்குப் பயமில்லை."

ஞாயிற்றுக்கிழமை சண்முகலிங்கம் வீட்டில் இருந்தான். புட்டும் மீன் குழம்பும் வைத்து மலர் என்னையும் கூப்பிட்டிருந்தாள். அன்றைக்குத்தான் அருள்நாயகம் அண்ணை வந்தார். ஊரில் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கணக்குக் கிளாக்கர். இங்கே கார் தரிப்பிடம் ஒன்றில் காவலாளி. ஆனால் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். கழுத்துப்பட்டி கட்டாமல் குப்பை கொட்டவும் போகமாட்டார்.

"பாரும் சண்முகலிங்கம்," என்று புட்டைக் குழைத்தபடி தொடங்கினார். "உது பிழையான பட்ஜெற் இல்லை. நான் முழுக்க வாசிச்சனான். வரவு குறைஞ்சால் செலவைக் குறைக்கத்தானே வேணும். இஞ்சை நகரம் கடன்பட்டு அன்றாடச் செலவு செய்யேலாது. சட்டம்."

"அப்ப மூடட்டோ அண்ணை?" என்றாள் மலர்.

"அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. கேக்கிற முறை ஒண்டு இருக்கு. கச்சேரிக்கு எத்தினை சனம் வரும். குழறிக்கொண்டு வாறவனைப் பெரியவர் நிமிந்தும் பாக்கார். ஒரு மாலையோடை வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னவன்ரை அலுவல் முடிஞ்சிடும். மேயருக்கு ஒரு பொன்னாடை போத்துவம். அக்கா வடை சுட்டுத் தருவா. மரியாதையாய்க் கேட்டால் மனுசன் மறுப்பானே?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, இது கச்சேரி இல்லை. பவுலீன் பிள்ளையைக் கொண்டுவரட்டாம் எண்டவள்."

சண்முகலிங்கம் புட்டுக் கோப்பையில் இருந்து கையை எடுத்தான். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி அவன் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். குழம்பு பட்டாலே எரியும்.

"பிள்ளையைக் கொண்டுபோகேலாது அக்கா. அந்த மீற்றிங்கைக் கேபிள் ரீவியிலை காட்டுவாங்கள். முழுச் சனமும் பாக்கும். விட்பியிலை இருந்து நிரூபாவைக் கேட்டு ஆள் வந்திருக்கு. நல்ல இடம். இவளைப் பற்றி நாங்கள் இன்னும் வாய் திறக்கேல்லை. தங்கச்சி இப்பிடி எண்டு ரீவியிலை பாத்து அறிஞ்சால் என்ன நினைப்பினம்? பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டிவிடுங்கள்."

"அப்ப ஒளிச்சு வைக்கிறதோ?" மலர் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒளிக்கேல்லை. என்ரை பிள்ளையை நடுச் சபையிலை வைச்சுப் பிச்சை எடுக்கமாட்டன் எண்டு சொல்லுறன். ஊரிலை ஆரிட்டையும் கை நீட்டினனாங்களே?"

சிந்துஜா வரவேற்பறையில் ரீவிக்கு முன்னால் இருந்தாள். ரீவி சத்தம் குறைந்ததை அப்போதுதான் கவனித்தோம். "அப்பா, ஐ கான் டூ இற்," என்றாள். "நான் வடிவாய்க் கதைப்பன்."

அவன் எழும்பிப் போய் அவள் தலையைத் தடவினான். "நீ வீட்டிலை அக்காவோடை இரு குஞ்சு. அப்பா கதைச்சு எடுத்துத் தாறன்."

அவனில் எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊரைவிட்டு ஓடி வரும்போது இந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடல்நீரேரியைக் கடந்தவன் அவன்தான்.

கூட்டத்தன்று சண்முகலிங்கம் பின்னேர வேலைக்கு லீவு போட்டான். கோட் இரவல். நான் பருத்தித்துறை வடை சுட்டு ஒரு ரின் நிறையக் கொண்டுபோனேன், அதை வாசலில் நின்ற காவலாளி உள்ளே விடவில்லை. பவுலீன் கதவடியில் எங்களைக் கண்டதும் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பிள்ளை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கோல்ட். பீவர்," என்றாள் மலர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேடையில் மேயரும் கவுன்சிலர்களும் அரைவட்டமாக இருந்தார்கள். மூலையில் கமெரா. தடியூன்றிய ஒரு கிழவர் முதலில் எழும்பி, யுத்தத்தில் பட்ட காயத்தைச் சொல்லி, மேயரை நேரே பார்த்து நாறடித்தார். குளத்தை மூடினால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று தடியால் நிலத்தில் குத்தினார். அருள்நாயகம் அண்ணை என் பக்கம் சாய்ந்து, "பண்பில்லாத மனுசன், பாத்தியளே" என்றார்.

பிறகு அவருடைய முறை. அகதியாய் வந்தவர்களை ஏற்ற கனடாவுக்கு நன்றி. கடனில்லாமல் நகரத்தை நடத்துகிற மேயருக்கு நன்றி. பனி வழிப்பதற்குக்கூட நன்றி சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தந்த நேரமெல்லாம் நன்றியிலேயே போனது. மணி அடித்த பிறகுதான் குளம் என்ற சொல் வாயில் வந்தது. அவசரமாகப் பொன்னாடையை விரித்து மேயருக்குப் போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

முடிவெடுக்காத கவுன்சிலர் ஒரு பெண். மூக்கு நுனியில் கண்ணாடி, களைத்த முகம். அவர் மலரை ஒலிவாங்கிக்கு வரச் சொன்னார். உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாளாமே, அவளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் தன்மையாக. மலர் ஒலிவாங்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் இலேசாகக் கேட்டார். இந்தக் குளம் இல்லாமல் போனால் வீட்டில் உங்களால் சமாளிக்க முடியுமா?

மலர் திரும்பிச் சண்முகலிங்கத்தைப் பார்த்தாள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் கமெராவைப் பார்த்தாள், பிறகு அந்தக் கவுன்சிலர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"யெஸ் மேடம். நோ புரொப்ளம். வீ மனேஜ்."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அடுப்பு மூட்டாத நாளிலும் படலையில் வந்து நிற்பவரிடம், சாப்பிட்டாச்சு, உங்கள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்கிற சிரிப்பு. எங்கள் சனம் அப்படித்தான். அந்நியர் கேட்டால் இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்காது. வந்தவரும் எங்கள் ஆளென்றால் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு, மறுநாள் ஒரு சாக்குச் சொல்லி அரிசி அனுப்பிவிடுவார். அந்தக் கவுன்சிலர் அம்மா எங்கள் ஆளா? சொன்னதைச் சொன்னபடி குறித்துக்கொண்டு, நன்றி என்றார்.

வாக்கெடுப்பு பிறகுதான் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே கொண்டாட்டம். "பாத்தீரோ, கடைசி மட்டும் சால்வையைக் கழட்டேல்லை மேயர்! அலுவல் முடிஞ்சுது" என்றார் அருள்நாயகம் அண்ணை. சண்முகலிங்கம் என் ரின்னில் இருந்து வடை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தான். வீட்டுக்குப் போய், "அப்பா வெண்டிட்டன் குஞ்சு" என்று பிள்ளையைத் தூக்கிச் சுற்றினானாம். வாசலில் இலவசமாகப் போடுகிற பத்திரிகையை அடுத்த கிழமை நிரூபா வாசிக்கும் மட்டும் அந்த வீட்டில் சிரிப்புத்தான்.

குளம் மூடப்படுகிறது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். கடைசிவரை தயங்கியதாகவும், அந்தத் தாயின் பதிலைக் கேட்டபின் மனம் தெளிந்ததாகவும் அந்தக் கவுன்சிலர் சொல்லியிருந்தார். தங்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் இந்தச் சமூகத்திடம் நாம் கற்கவேண்டும் என்று மேயர் புகழ்ந்திருந்தார். பக்கத்தில் பொன்னாடையோடு அவருடைய படம்.

மலர் என் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கையெல்லாம் மா.

"அக்கா, நான் மரியாதைக்கெல்லோ சொன்னனான்! ஏலாது எண்டு அத்தினை பேருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? இவரும் இருக்கிறார். ஒருக்கால் சும்மா கேட்டுப்போட்டு விடுறதே? இன்னொருக்கால் கேட்டிருக்கலாமெல்லோ? ஐயோ, என்ரை வாயாலையே என்ரை பிள்ளைக்கு..."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அன்றைக்கு இடியப்பத் தட்டு அடிப்பிடித்தது.

சண்முகலிங்கம் அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் சிற்றி ஹோலுக்குப் போனான். தன் மனிசி சொன்னதன் கருத்து அதுவல்ல என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிவு முடிவுதான், வருகிற வருஷப் பட்ஜெற்றுக்கு வாருங்கள் என்றாளாம். வந்து என் கதிரையில் இருந்தான். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது. "அக்கா, அவள் பிழையில்லை. நான் தலையை நிமித்தி இருந்தால் அவள் சொல்லியிருப்பாள்" என்றான்.

குளத்துக்குள் மண் நிரப்பிச் சீமெந்து போட்டார்கள். பவுலீனுக்கு வேலை போனது. மலர் குளியல் தொட்டியில் சுடுதண்ணி நிரப்பிப் பிள்ளையைக் கிடத்திப் பார்த்தாள். வளர்கிற பிள்ளை, காலை நீட்டத் தொட்டி காணாது. கட்டடத்தில் எல்லாரும் குளிக்கிற நேரம் தண்ணீர் சூடில்லாமல் பச்சையாய் வரும். பிள்ளையைத் தூக்கித் தூக்கி மலருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருவுக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய குளமும் அதில் சுடுதண்ணிப் பகுதியும் இருந்தன. எங்கள் யன்னலால் பார்த்தால் அதன் கண்ணாடிக் கூரை தெரியும். போய்க் கேட்டோம். விலாசம் கேட்டார்கள். தெருவின் பிழையான பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அவர்களின் வரி, அவர்களின் தண்ணீர். என்ன சொல்ல?

இதற்குள் எல்லா நகரங்களையும் சேர்த்து ஒன்றாக்கப் போகிறோம் என்று மாகாண அரசு அறிவித்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது, எங்கள் சின்ன நகரம் ஆபத்துக்கென்று காசு மிச்சம் பிடித்து வைத்திருந்தது. அதைப் பெரிய நகரத்துக்கு ஏன் கொடுப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, கடைசி வருஷம் அள்ளி வீசினார்கள். சிற்றி ஹோலுக்குப் புதுக் கருங்கல் படி. முன்னால் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். நாசமாய்ப் போவார், மணி பார்க்கவா வழியில்லாமல் கிடந்தோம்? பிரியாவிடை விருந்தொன்றும் வைத்தார்கள். அருள்நாயகம் அண்ணைக்கு நற்சமூக விருது கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு வந்தார், ஆனால் சண்முகலிங்கம் வீட்டுக் கதவைக் கடக்கும்போது கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனதை நான் கண்டேன்.

நிரூபாவின் கலியாணம் நடந்தது. விட்பி மாப்பிள்ளைக்குத் தங்கையைப் பற்றி முதலே தெரியுமாம். பெண் கேட்டு வர முதலே யாரோ சொல்லிவிட்டார்களாம், அவன் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இதைக் கேட்ட இரவு சண்முகலிங்கம் சாப்பிடவில்லை என்று மலர் சொன்னாள்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் நகரங்கள் ஒன்றாயின. தெரு அதே தெருதான், எல்லைதான் இல்லை. அந்தப் பக்கத்துக் குளத்தில் இப்போது விலாசம் கேட்பதில்லை என்று கேள்விப்பட்டதும் சண்முகலிங்கம் லீவு போட்டான். டொக்டர் ஏற்கெனவே கையை விரித்திருந்தார். கால் பூட்டிவிட்டது, இனி நோகாமல் இருக்க வெட்டித் தைக்கலாம், நிற்க வைக்க முடியாது என்று. ஆனாலும் போனோம். நடைபாதை துப்புரவாக வழித்திருந்தது. வீல்செயர் வழுக்கிக்கொண்டு ஓடியது.

நல்ல பெரிய குளம், வெளிச்சமான இடம். நான் கரையில் துவாயோடு இருந்தேன். மலர் இறங்கித் தலைப்பக்கம் தாங்கினாள். சண்முகலிங்கம் பிள்ளையைத் தண்ணீருக்குள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முன்பு பவுலீன் செய்ததை மலர் சொல்லிக் கொடுக்க, அவனும் இரண்டு பாதங்களையும் பிடித்து மெல்ல உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கால்கள் ஏறியது ஏறியபடியே கிடந்தன.

"காணும் அப்பா," என்றாள் சிந்துஜா. "இனிப் பிரியாது."

"பொறு குஞ்சு. தண்ணி இன்னும் பிடிக்கேல்லை."

அவள் மேலே கண்ணாடிக் கூரையைப் பார்த்தாள். பதினொரு வயது, முகத்தில் மட்டும் பெரிய மனிசிக் களை.

"அப்பா, அந்த மீற்றிங்குக்கு நான் வாறன் எண்டனான். நான் கதைச்சிருப்பன். ஏன் என்னை விட்டிட்டுப் போனனீங்கள்?"

மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னைக் காட்ட வெக்கமோ அப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சண்முகலிங்கம் உருட்டுவதை நிறுத்தினான். வெடித்த விரல்களால் அவள் பாதங்களைப் பிடித்தபடி நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். அவள் பதில் வரும் என்று அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு மிதந்தாள்.